அட்டைக்கடிப் பாட்டும் ஸ்டேசன் மாஸ்டரும்

கலஹா
15.02.1998

மங்களாவுக்கு,

பாப்பம்மா எழுதுறேன். சொகமா இருக்கீங்களான்னு கேக்க மனசு வரல, அதனால கேக்கல. எப்பவும் ஒன்னய நீ வா போன்னுதான் பேசுவேன். இந்தக் காயிதத்துல நீங்கன்னுதான் எழுதப் போறேன். கோவம் தீர்ற வரைக்கும் அப்பிடித்தான்.

விலாசம் பளீல் குடுத்தாரு. ஒங்க மூணு பேரு பேண்டுல தடிச்ச கம்பி கிட்டார் அடிச்ச அதே பளீல்தான். இப்ப அவரு அக்குறணையில மாமா வீட்டுல பதுங்கிக் கெடக்குறாரு. ஏன்னு சொல்றேன்.

என் தம்பி ராஜாவ பொலிஸ் புடிச்சிருச்சு. போன மாசம் தலதா மாளிகையில குண்டு வெடிச்சதுல இருந்து கண்டி டவுன்ல தமிழ் ஆளுக வாயப் பொத்திக்கிட்டுதான் நடமாடுறோம். தான் வேல பாக்குற மஹ்ரூப் நானாவோட ரேடியோ திருத்துற கடைய சாத்திட்டு இவன் கலஹா பஸ்ஸப் புடிச்சு வந்திருக்கான். பேராதெனியக்கிட்ட பஸ்ஸ நிப்பாட்டி எறக்கிட்டாங்க. ஐடென்டி கார்டு கேட்டா இல்ல. எழுதிப் போட்டு ரெண்டு வருசமாகுது, தோட்டத்து ஆளுகளுக்கு அது எப்ப வந்துச்சு, இப்ப வர்றதுக்கு. பையில கையப் போட்டா ஒரு கேசட்டு. மேல ஒரு எழுத்துக்கூட இல்ல. நீங்க கனடாவுக்குப் போன அன்னைக்கு அவன் கையில குடுத்துட்டுப் போனீங்களே, அதுதான். அத ஒரு நாள்கூட அவன் பைய விட்டு எடுத்ததில்ல.

போட்டுக் கேட்டிருக்காங்க. யாழ்ப்பாணத் தமிழ்ல ஒரு பொம்பள தொண்ட கிழியக் கத்துது. அடியில தப்பு அதிருது. கிட்டார் மரம் அறுக்குற மாதிரி கத்துது. இது எந்த இயக்கத்துப் பாட்டுன்னு கேட்டிருக்காங்க. எங்க பேண்டுப் பாட்டுன்னு இவன் சொல்லியிருக்கான். பாடுறது யாருன்னு கேட்டா மட்டும் வாயத் தொறக்க மாட்டேங்குறான். அடுத்து தன்னயும் தேடுவாங்கன்னுதான் பளீலு பதுங்கிட்டாரு.

நான் பாக்கப் போனப்ப அவன் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். "மங்களா பேர எங்கயும் சொல்லிராதக்கா. கடுகண்ணாவையில பெரியவரு தனியா இருக்காரு, அவரப் போயி இழுத்துருவாங்க." ஒங்க அப்பாவுக்காக இவன் அடி வாங்குறான். அந்தப் பெரியவரு இவன ஒரு நாளாச்சும் வீட்டு முன்வாசல் வழியா உள்ள விட்டிருப்பாரா? நாங்க தப்படிக்கிற வீட்டு ஆளுக, அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். நீங்க பேண்டு அடிச்ச வெறகுக் கொட்டாயிக்குப் பக்கவாட்டுச் சந்து வழியாத்தான் இவன் வந்து போனான்.

அப்பறம் அந்தப் பாட்டு. அது என் பாட்டு. மலையில கொழுந்து எடுக்குறப்ப அட்டக் கடிச்சு ரத்தம் ஓடுன அன்னைக்கு, தேசிக்காப் புளியப் பிழிஞ்சு விட்டுக்கிட்டே நானா கட்டினது.

அட்டக் கடிச்ச காலுக்கு
தேசிக்கா தேச்சுக்கிட்டேன்
கங்காணி கடிச்ச கூலிக்கு
எதத் தேச்சுக்குவேன்

அத நீங்க கேட்டுட்டு, பாப்பாக்கா, இத நான் கத்தலாமோன்னு கேட்டீங்க. தாராளமாக் கத்துன்னேன். சந்தோசமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லல. பேண்டுக்கே அட்டைக்கடின்னு பேரு வச்சப்ப லயத்துல எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். ஆனா போறப்ப ஒரு வார்த்த சொன்னீங்களா? பாட்டக் கொண்டு போனீங்க, கேசட்ட விட்டுட்டுப் போனீங்க.

கொழும்புக்கு அனுப்பப் போறாங்கன்னு பேசிக்கிறாங்க. அங்க போனா எந்தக் கூண்டுல கெடக்குறான்னே தெரியாமப் போயிரும். அந்தக் கொரல் ஒங்களோடதுன்னு எழுதி, கையெழுத்து வச்சு அனுப்புங்க. அது வர்றதுக்குள்ள எனக்குத் தெரிஞ்ச வழியில நானும் போய்ப் பாக்குறேன்.

பாப்பம்மா

•

ரொறொன்ரோ
04.03.1998

பாப்பாக்கா,

உங்கட கடிதம் முந்தநாள் பின்னேரம் கிடைச்சது. வேலைக்குப் போகேல்லை. வாசிச்சுப்போட்டுக் குளியலறைக்குள்ளை போய் இருந்திட்டன். நான் இருக்கிறது மாமாவீட்டு நிலவறை, கதவு பூட்டுற இடம் அது ஒண்டுதான்.

நீங்கள் என்னை நீங்கள் எண்டு எழுதினதுதான் எல்லாத்திலும் கூட நொந்தது. ஆனா நியாயம். நான் சொல்லாமல் வந்தது ஏஜென்சிக்காரன்ரை சொல்லுக்குப் பயந்து. ஒருத்தருக்கும் மூச்சுக் காட்டக்கூடாது, காட்டினால் விமான நிலையத்திலையே பிடிபடுவீர் எண்டு வெருட்டி வைச்சிருந்தவன். ராஜாவிட்டை மட்டும் சொல்லத்தான் அண்டைக்கு வந்தனான். வாயிலை வரேல்லை. கசற்றைக் குடுத்திட்டு, இதை வைச்சிரும் எண்டு சொல்லிப்போட்டு ஓடி வந்திட்டன். அவர் அதைப் பையிலை கொண்டு திரிவார் எண்டு எனக்கு என்னெண்டு தெரியும்.

சத்தியக் கடதாசி எழுதிப்போட்டன். இஞ்சை ஒரு சட்டத்தரணிக்கு முன்னாலை கையெழுத்து வைச்சு, இந்தக் கடிதத்தோடையே பதிவுத் தபாலிலை அனுப்புறன். அந்த மனுசி ஒருக்கா யோசியும் எண்டு சொன்னவ. உமக்கு அகதி வழக்கு இன்னும் விசாரணைக்கு வரேல்லை, அங்கத்தைப் பொலிசின்ரை கோப்பிலை நீர் இயக்கப் பாட்டுக்காரி எண்டு விழுந்தால் இஞ்சையும் கேள்வி வரும் எண்டு. பயம்தான். ஆனா ராஜா அங்கை வாயைப் பொத்திக்கொண்டு இருக்க, நான் இஞ்சை யோசிச்சுக்கொண்டு இருக்கேலாது.

ஒண்டு மட்டும் கேக்கிறன். அப்பாட்டைப் போகாதேங்கோ. எண்பத்து மூண்டு கலவரத்திலை, ஸ்ரேசன் மாஸ்டராய் இருந்த அவரைப் போர்ட்டர்மார் பார்சல் அறைக்குள்ளை சாக்குகளுக்குப் பின்னாலை ஒளிச்சு வைச்சுத்தான் காப்பாத்தினவை. அண்டையிலிருந்து காக்கி உடுப்பைக் கண்டால் மற்றப் பக்கத்தாலை நடந்து போற மனுசன். அதோடை, எங்கட பாட்டிலை அவருக்கு இருந்த வெறுப்பு உங்களுக்குத் தெரியாது. சாப்பாட்டு மேசையிலை, "உது பாட்டோ, இல்லாட்டி ஆரும் உங்களைக் கொல்லுறாங்களோ?" எண்டு கேப்பார். நான் வெளிக்கிட்ட அண்டைக்கும் அறையை விட்டு வெளியிலை வரேல்லை. இஞ்சை வந்து போட்ட கடிதங்களுக்கும் பதில் இல்லை. நீங்கள் போய்க் கதவைத் தட்டினால், முகத்திலை அறைஞ்ச மாதிரிச் சாத்திப்போடுவார். அந்த அவமானம் உங்களுக்கு வேண்டாம்.

இதிலை என்ன பகிடி எண்டால், அந்தத் தாளமே அவரிட்டை இருந்துதான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலமையிலை அவர் இசைத்தட்டுப் போடுவார். அமெரிக்காவிலை நாட்டுப்புறத்திலை பாடுற பாட்டுகள். மாடு மேய்க்கிறவன், பெஞ்சாதி விட்டிட்டுப் போனவன், ரயிலேறி ஊரைவிட்டு ஓடினவன், இவங்கள்தான் அதிலை ஆக்கள். ட்ரம் சின்னனாய், ரயில் ஓடுற மாதிரி அடிச்சுக்கொண்டே இருக்கும். ராஜா விறகுக் கொட்டிலுக்கை எங்கட அம்ப்ளிபயரைத் திருத்திக்கொண்டு இருந்தவர், சோல்டரிங் கோலை அப்பிடியே பிடிச்சபடி கேட்டார். "மங்களா, இது எங்க மாரியம்மன் தேருக்கு அடிக்கிற அடி. சட்டை போட்டு, சப்பாத்துப் போட்டு வந்து நிக்குது, அவ்வளவுதான்."

பிறகு தப்பை எடுத்து அதையே ரெண்டு மடங்கு வேகத்திலை அடிச்சார். பளீல் ஏற்கெனவே மஹ்ரூப் நானாவின்ரை கடையிலை, திருத்த வந்த ரேப் றெக்கோடருக்குள்ளை சிக்கியிருந்த வெள்ளைக்காரன்ரை பங்க் கசற் ஒண்டைக் கேட்டுக் கேட்டுப் பைத்தியமாய்த் திரிஞ்சவர். கிட்டாரிலை மூண்டு கோர்ட்ஸுக்கு மேலை பிடிக்கத் தெரியாத என்னட்டை, மூண்டு காணும், வேகமாய் அடியும் எண்டார். அந்த வேகத்துக்கு மெல்லப் பாடேலாது. கத்தத்தான் வேணும். கத்துறதுக்கு உங்கட பாட்டு இருந்தது. இப்ப ஆரும் என்னைக் கேட்டால், நாங்கள் ஒண்டையும் கலக்கேல்லை, எல்லாம் ஒரே கொட்டிலுக்கை கிடந்தது எண்டுதான் சொல்லுவன்.

ராஜாவைப் பாத்தால், தயவுசெய்து என்ரை பேரைச் சொல்லச் சொல்லுங்கோ. நான் சொல்லச் சொன்னதெண்டு சொல்லுங்கோ.

மங்களா

•

கலஹா
25.03.1998

மங்களா,

கோவம் போயிருச்சு. அதனால நீ.

ஒன் காயிதம் வந்து சேர்றதுக்குள்ள நான் கடுகண்ணாவைக்குப் போயிட்டு வந்துட்டேன். நல்ல வேள. அது மொதல்ல வந்திருந்தா நீ சொன்னதக் கேட்டு நான் போகாம இருந்திருப்பேன்.

ஒரு நாள் பேரும் கூலியும் போனாப் போகுதுன்னு வேலைக்கி நிக்காமப் போனேன். கதவத் தட்டுனா ஒங்க அப்பா வந்தாரு. ஜன்னல் கம்பி வழியாத்தான் பாத்தாரு. "ஆர் பிள்ளை நீர்?"னாரு. தப்படிக்கிற ராஜாவோட அக்கான்னேன். மூஞ்சி இறுகிப் போச்சு. நான் நின்னுக்கிட்டே எல்லாத்தையும் கொட்டித் தீத்தேன். கொஞ்சம் சத்தமாத்தான். பக்கத்து வீட்டு நாயெல்லாம் கொலச்சுச்சு. ஐயா, ஒங்க மக பேர அவன் சொல்ல மாட்டேங்குறான், ஒங்களுக்காகத்தான்னு சொன்னேன்.

அவரு "நில்லும்"னுட்டு உள்ள போயிட்டாரு. கதவையும் சாத்திட்டாரு. அவ்வளவுதான்னு நெனச்சேன். திரும்பி நடந்துருவமான்னு காலெல்லாம் இழுத்துச்சு. அப்பறம் பாத்தா, தேய்ச்ச களுசானும், அந்தப் பழைய ரயில்வே கறுப்புக் கோட்டும், கையில கொடையுமா வெளிய வர்றாரு. சவரங்கூடப் பண்ணிட்டு வந்திருக்காரு. அதான் அம்புட்டு நேரம்.

பஸ்ல என் பக்கத்துலதான் உக்காந்தாரு. வழி முச்சூடும் கொடப் பிடிய மட்டும் விடாமப் புடிச்சிருந்தாரு. எனக்குப் பாவமாப் போச்சு. எறங்கிருவமா ஐயான்னு கேட்டேன். "இல்லை"னு சொல்லிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாரு.

பொலிஸ்ல பொறுப்பா இருக்குற பெரிய மாத்தயா முன்னாடி போயி உக்காந்து சிங்களத்துல பேசுனாரு பாரு, நான் அப்பிடியொரு சிங்களம் கேட்டதில்ல. ரேடியோவுல நியூஸ் படிக்கிற மாதிரி. எனக்குப் பாதிதான் வெளங்குச்சு. அந்தக் கேசட்டுல கத்துறது என் மக, என் வீட்டு வெறகுக் கொட்டிலுக்குள்ளதான் பாடினாங்க, இந்தப் பையன் அங்க மேளம் அடிச்சவன்னு சொன்னாரு. பெரிய மாத்தயா சிரிச்சாரு. ஒங்க மக இப்ப எங்கன்னாரு. கனடாவுலன்னாரு. அப்ப எப்பிடி நான் நம்புறதுன்னாரு.

ஐயா சொன்னாரு, கேசட்டப் போடுங்க. மொதல் பாட்டுல, கங்காணியப் பத்தி வர்றதுக்கு முன்னாடி, ஒரு எடத்துல பாட்டு நிக்கும். அந்த எடத்துல ஒரு இருமல் கேக்கும். அது நான்.

மங்களா, எனக்கு ஒடம்பெல்லாம் சிலுத்துப் போச்சு. போட்டாங்க. நீ கத்துன, தப்பு அதிர்ந்துச்சு, நின்னுச்சு. இருமல். ஓரமா, தள்ளி, கதவுக்கு அந்தப் பக்கம் இருந்து வர்ற மாதிரி. திருப்பிப் போட்டாங்க. மறுபடியும் இருமல். பெரிய மாத்தயா, எங்க நீங்க இருமுங்க பாப்பம்னாரு. ஐயா வாயில கைக்குட்டைய வச்சுக்கிட்டு ரொம்ப மரியாதையா இருமுனாரு. அச்சு அசல் அதே இருமல். கடைசியில ஒரு இழுப்பு இழுக்குமே, அதும் சேத்து. வாசல்ல நின்ன கான்ஸ்டபிள் தொப்பியக் கழட்டி வாயப் பொத்திக்கிட்டான்.

வெளிய நின்னு என்ன செஞ்சீங்கன்னு பெரிய மாத்தயா கேட்டாரு. ஐயா கைக்குட்டைய மடிச்சுப் பையில வச்சாரு. அப்பறம், "கேட்டுக்கொண்டு நிண்டனான்"னு தமிழ்ல சொல்லிட்டு, பெறகு அதையே சிங்களத்துல சொன்னாரு.

ஹேவாஹெட்ட பக்கத்து சார்ஜன் ஒருத்தரு இருந்தாரு, அவரு பாட்டுல என்ன சொல்லுதுன்னு கேட்டாரு. ஐயா என்னக் காட்டி, பாட்டுக்குச் சொந்தக்காரி இந்தப் பிள்ளன்னாரு. பாடச் சொன்னாங்க. நான் மேசைய ஒரு தட்டுத் தட்டி மெதுவாப் பாடுனேன், மலையில பாடுற மாதிரி. ஐயா ஒவ்வொரு வரியா சிங்களத்துல சொல்லிக்கிட்டே வந்தாரு. அட்டைக்கு அவுக கூடல்லான்னுவாங்க. அதக் கேட்டதும் சார்ஜன் களுசான மடிச்சு விட்டுக் காலக் காட்டுனாரு. போன வாரம் காட்டுல தேடுதல் போனப்ப கடிச்ச கடியாம். ஒரே தழும்பு. தேசிக்கா வேல செய்யுதான்னு என்கிட்ட கேக்குறாரு. உப்பும் சேத்துத் தேய்க்கணும் மாத்தயான்னேன்.

அன்னைக்கே விட்டுறல. மேலிடத்துல பேசணும்னாங்க. ஐயா அடுத்த நாளும் வந்தாரு, அதுக்கு அடுத்த நாளும் வந்தாரு, அதே கோட்டு. கடைசியா ஒரு நிபந்தனையில விட்டாங்க. ஐடென்டி கெடைக்கிற வரைக்கும் ஐயா வீட்டுலதான் தங்கணும், வாராவாரம் போயி கையெழுத்து வைக்கணும், பொறுப்பு ஐயாவோடது. பொறுப்புக் கையெழுத்து வைக்குறப்ப பேனாவ ஒரு தடவ ஒதறிட்டு வச்சாரு.

வீட்டுக்குப் போனோம். ராஜா பழக்க தோசத்துல பக்கத்துச் சந்துல திரும்புனான். ஐயா முன்கதவத் தொறந்து புடிச்சுக்கிட்டு, "இஞ்சாலை வாரும்"னாரு. அவ்வளவுதான். நான் அங்கயே ஒக்காந்து அழுதுட்டேன். இந்த மனுசனப் போயி என்னெல்லாம் எழுதிட்டேன் ஒனக்கு. அவருக்கு நான் என்ன செய்யப் போறேன், ஒன் அப்பாவுக்கு என்னத்தச் செஞ்சு தீர்க்குறது.

ஆனா ஒண்ணு மங்களா. ராஜா பேச மாட்டேங்குறான். ஒடம்புல காயம் ஆறிக்கிட்டு வருது, கை கால் நல்லாத்தான் இருக்கு. குடுத்தாச் சாப்புடுறான். கேட்டா தலய ஆட்டுறான். வெளிய வந்ததுல இருந்து ஒரு சொல்லு அவன் வாயில இருந்து விழல. தப்பக் கொண்டாந்து பக்கத்துல வச்சேன், தள்ளி வச்சுட்டான்.

பாப்பம்மா

•

ரொறொன்ரோ
16.04.1998

பாப்பாக்கா,

அந்த இருமல் பளீலின்ரை எண்டுதான் நாங்கள் இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டு இருந்தம். நல்லாய் வந்த பதிவைக் கெடுத்துப்போட்டீர் எண்டு அவரோடை சண்டையும் பிடிச்சனான். பாவம், அல்லா மேலை ஆணையாய் நானில்லை எண்டு சொன்னவர். திருப்பிப் பதிய வேற கசற் இல்லை எண்டு அப்பிடியே விட்டனாங்கள்.

அப்பா கொட்டிலுக்கு வெளியிலை நிண்டவர். பனியிலை, அந்த இழுப்பு நெஞ்சோடை. எனக்கு இதை எழுத எழுத எழுத்துத் தெரியேல்லை. நான் அவருக்கு வேற கடிதம் போட்டிருக்கிறன். அதிலை இதைப் பற்றி ஒண்டும் எழுதேல்லை, எழுதினால் அவர் வெக்கப்படுவார். நன்றி எண்டு மட்டும் எழுதினன். உங்களுக்கும் அதேதான், பாப்பாக்கா. நான் போகாதேங்கோ எண்டு சொன்ன வாசலுக்கு நீங்கள் போய் நிண்டு கத்தினியளே, அதுக்கு. ராஜாவுக்கு நான் என்ன சொல்லுறது எண்டு தெரியேல்லை. அப்பாவைக் காப்பாத்தினதுக்கு நன்றி எண்டு சொல்லுங்கோ. இல்லை, சொல்லாதேங்கோ, நானே ஒரு நாள் சொல்லுறன்.

இஞ்சை சனிக்கிழமைகளிலை ஒரு நிலவறையிலை நாலைஞ்சு பேர் வாசிக்கினம். கனடாவின்ரை கிழக்குக் கரையாலை வந்த ஒரு வெள்ளைப் பொடியன் வயலின் வைச்சிருக்கிறான். தன்ரை ஊரிலை கலியாண வீட்டுக்கு வாசிக்கிற மெட்டுகளைக் காது அடைக்கிற வேகத்திலை வாசிப்பான். பின்னாலை கிட்டார் இரைச்சல். முதல் நாள் கேக்க எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒண்டாய் வந்தது. இவையளும் தங்கட ஊர்த் தாளத்தைத்தான் துரத்திக்கொண்டு ஓடுகினம். உங்கட பாட்டைப் பாடிக் காட்டினன். சனத்துக்கு முன்னாலை பாடலாம் எண்டு எல்லாரும் ஒற்றைக் காலிலை நிக்கினம். ட்ரம் அடிக்கிறவனுக்கு மட்டும் ராஜாவின்ரை அடி பிடிபடேல்லை. எத்தினை தரம் சொல்லியும் வெறும் ரயில்தான் வருது, தேர் வரேல்லை.

உங்களைக் கேக்காமல் பாட மாட்டன். பாடலாமோ எண்டு சொல்லுங்கோ. ராஜா கதைச்சாரோ, ஏதும் அடிச்சாரோ எண்டு அதையும் எழுதுங்கோ. அவர் அடிக்காமல் போனால், அது என்ரை கசற்றாலை எண்டுதான் நான் நினைப்பன். நீங்கள் என்ன ஆறுதல் சொன்னாலும் அப்பிடித்தான் நினைப்பன்.

மங்களா

•

கடுகண்ணாவை
24.05.1998

மங்களா,

ஒங்க வீட்டுச் சாப்பாட்டு மேசையில ஒக்காந்து எழுதுறேன். ஞாயித்துக்கிழமையில இங்கதான் வந்துர்றேன். ஐயாவுக்குச் சமைக்கவும் வராது, சமைச்சதக் கொற சொல்லாமத் திங்கவும் வராது.

முந்தின காயிதத்தோட நீ அனுப்புன சத்தியப் பேப்பர ஐயாகிட்ட குடுத்தேன். ஐயா வாசிச்சுட்டு அலுமாரியில வச்சுப் பூட்டிட்டாரு. பொலிசுக்குக் குடுக்கல. "அவள் அங்கை நிம்மதியா இருக்கட்டும்"னாரு. ஒன் வழக்குக்கு ஒண்ணும் வராது, பயப்படாத.

ராஜா கதைய ஒண்ணு விடாம எழுதுறேன். பொறுமையா வாசி.

போன மாசம் முச்சூடும் அவன் அப்பிடியேதான் இருந்தான். காலையில எந்திரிச்சா முன்வாசப் படியில ஒக்காந்து தண்டவாளத்தப் பாத்துக்கிட்டு இருப்பான். ஐயா எல்லாத்தையும் செஞ்சு பாத்தாரு. ரேடியோவக் கழட்டி முன்னாடி வச்சு, இது வேல செய்யுதில்லைன்னாரு. ராஜா திருத்திக் குடுத்துட்டான், பேசல. அந்த இங்கிலீசுப் பாட்டுத் தட்டெல்லாம் போட்டாரு. மாடு மேய்க்கிறவன் பாட்டு, பொண்டாட்டி ஓடிப் போனவன் பாட்டு எல்லாம் எனக்கே பாடமாயிருச்சு. ராஜா எந்திரிச்சுப் போயி வெளிய ஒக்காந்துக்கிட்டான். பளீலு வந்தாரு, பக்கத்துல ஒக்காந்தாரு, இவரு பேசப் பேச அவன் தலய ஆட்டுனான், அவரும் கண்ணத் தொடச்சுக்கிட்டுப் போயிட்டாரு. எனக்கு ஒரு ஞாயிறு ரொம்ப முடியாமப் போயி, ஏண்டா இப்பிடி உசுர வாங்குறன்னு முதுகுல ஒண்ணு வச்சுட்டேன். வச்சதும் எனக்கே நெஞ்சு வெடிச்சிருச்சு. இவன அங்க எப்பிடியெல்லாம் அடிச்சாங்களோ, நானும் கை வச்சுட்டேனேன்னு. அவன் என் கையப் புடிச்சு விரலத் தடவிக் குடுத்தான். அப்பவும் பேசல.

அதுக்கப்பறந்தான் ஐயா தப்ப எடுத்தாரு.

நம்பு மங்களா. ஒன் அப்பாதான். எங்க வீட்டுத் தப்ப, நான் கொண்டாந்து வச்சு அவன் தள்ளி விட்டத, எடுத்துத் தோள்ல மாட்டிக்கிட்டு, கதிரையப் படிக்குப் பக்கத்துல இழுத்துப் போட்டு ஒக்காந்துட்டாரு. தொட்டாலே தீட்டுன்னு இருந்த வீடு இது. குச்சியக் கூட எப்பிடிப் புடிக்கிறதுன்னு தெரியல. பின்னேரம் கோயில் மணி அடிச்சதும் ஆரம்பிப்பாரு. அடிக்கிறது அந்த அட்டக்கடி அடி. கேக்கக் கொடுமையா இருக்கும். மொதல் அடி விழும், ரெண்டாவது அடி யோசிச்சுக்கிட்டு வரும், மூணாவது அடி அதுக்கு மேல போயி விழும். தெருவுல போற ஆளுக நின்னு பாத்துட்டுப் போனாங்க. பக்கத்து வீட்டுச் சிங்கள நோனாம்மா வந்து, மாஸ்டர் மாத்தயாவுக்கு ஒடம்பு சரியில்லையான்னு என்கிட்ட கேட்டுச்சு.

நான் வந்த ஒவ்வொரு ஞாயிறும் அதே பெசகு, அதே எடம். ராஜா படியில ஒக்காந்தபடி பல்லக் கடிப்பான். தோளு துடிக்கும். நான் அதப் பாத்தேன். ஐயா பாக்காத மாதிரி அடிச்சுக்கிட்டே இருப்பாரு. நெஞ்சு எளச்சா நிப்பாட்டி இருமிட்டு, மறுபடியும் அடிப்பாரு.

இன்னைக்கும் அப்பிடித்தான். நான் அடுப்படியில இருந்தேன். மொதல் அடி, அப்பறம் அந்தக் கோணல் அடி. மறுபடியும். மறுபடியும். அப்பறம் சத்தம் நின்னுச்சு.

"ஐயா, ரெண்டாவது அடி லேட்டா விழுகுது. இங்க குடுங்க."

எனக்குக் கையில இருந்த அகப்ப விழுந்துருச்சு. ஓடி வந்து பாத்தா, குச்சி ராஜா கையில. நின்னுக்கிட்டு, தப்ப ஒரு தடவ வெரலால தட்டிப் பாத்துட்டு அடிச்சான். ஒங்க மூணு பேரு அடி. மலையில எங்க தேரு எறங்குற அடி. ரொம்ப நேரம் அடிச்சான். நடுவுல அழுதான், அழுதுக்கிட்டே அடிச்சான். ஐயா அந்தக் கதிரையிலயே ஒக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தாரு. இந்தத் தடவ கதவுக்கு வெளிய இல்ல, பக்கத்துல.

நீ கேட்டதுக்கு இதுதான் பதிலு. அவன் அடிக்கிறான். ஒன் கேசட்டால எதுவும் கெட்டுப் போகல. பாட்டப் பாடு, எத்தன வெள்ளக்காரன் வயலின் வேணும்னாலும் வச்சுக்கிட்டுப் பாடு. அந்த ட்ரம் பையனுக்கு அடி வரலன்னா ராஜா ஒரு கேசட்டுல அடிச்சு அனுப்புறேன்னு சொல்றான். மேல பேரு எழுதித்தான் அனுப்பணும்னு நான் சொல்லிட்டேன்.

ஒன் அப்பாவப் பத்தி ஒரு சந்தேகம் இருக்கு, அத ஒனக்குச் சொல்லிட்டு முடிக்கிறேன். முப்பது வருசம் ரயில் சத்தத்துலயே கெடந்த மனுசன். ஒங்க பாட்ட வெளிய நின்னு ஒண்ணு விடாமக் கேட்ட மனுசன். இருமல் எந்த எடத்துல வருதுன்னு சொன்னாரு. அவருக்கு அந்த ரெண்டாவது அடி மட்டும் இத்தன நாளா பிடிபடாமப் போயிருமா? கேட்டேன். நீங்க தெரிஞ்சேதான தப்பா அடிச்சீங்க ஐயான்னு நேராவே கேட்டேன்.

"பிள்ளை, தேத்தண்ணியை வையும்"னுட்டு ரோட்டுப் பக்கம் திரும்பிக்கிட்டாரு.

வச்சேன். மூணு பேரும் படியில ஒக்காந்து குடிச்சோம். சீனி பத்தலன்னு ராஜா சொன்னான்.

பாப்பம்மா